புதுமாத்தளனில் பிறந்த பிள்ளைக்கு ஓர் அடையாள அட்டை

இலங்கையின் வன்னியில், துணுக்காய்ப் பக்கத்தில், பிரதேச செயலகத்துக்குப் போகிற வழியில் ஒரு சிறிய போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். பிரதி எடுக்க வருகிறவர்கள் கையிலிருக்கும் படிவத்தை என் மேசையில் வைத்து, "அண்ணை, இதையும் ஒருக்கா நிரப்பித் தாங்கோ" என்று கேட்பார்கள். அப்படிக் கேட்டுக் கேட்டே படிவம் நிரப்புவது என்னுடைய இரண்டாவது தொழிலாகிவிட்டது. காணிப் படிவம், ஓய்வூதியப் படிவம், வங்கிப் படிவம் எல்லாம் வரும். ஆயினும் ஆண்டு முழுவதும் குறையாமல் வருவது தேசிய அடையாள அட்டைக்கான விண்ணப்பந்தான். அந்த ஒரே படிவத்தைப் பல நூறு தடவை நிரப்பியவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன்.

2024 ஆம் ஆண்டிலிருந்து என் மேசைக்கு வரும் பிள்ளைகளிடம் ஒரு வேறுபாட்டைக் கண்டேன். முன்பு 16 வயதில் எடுத்த அட்டையை இப்போது 15 வயது நிறைந்ததுமே எடுக்கவேண்டும். 2009 இல் பிறந்தவர்களுக்கு அந்த வயது 2024 இல் வந்தது. போரின் கடைசி மாதங்களான 2009 இன் முதல் ஐந்து மாதங்களில் வன்னியில் பிறந்த பிள்ளை எங்கே பிறந்திருக்கும் என்பதை எங்கள் ஊரவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பிறப்பைப் பதியப் பதிவாளரும் இல்லை, பதிவேடும் இல்லை, பல இடங்களில் பிறப்பதற்குக் கூரைகூட இல்லை. அந்தப் பிள்ளைகளின் முதலாவது பெரிய அரச படிவம் இதுதான். பதினைந்து வருடமாக யாரும் கவனித்துப் பார்க்காத பிறப்புச் சான்றிதழை, அப்போதுதான் ஒருவர் எழுத்துக்கு எழுத்து வாசிக்கிறார்.

அப்படி ஒரு நாள் ஒரு தாயும் மகளும் வந்தார்கள். மகள் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்ற வேண்டியவள். பாடசாலையில் நிரப்பிக் கொடுத்த விண்ணப்பத்தை வகுப்பாசிரியர் திருப்பிவிட்டார். காரணம் ஓர் எழுத்து. பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயரின் நடுவில் 'சி' என்று இருக்கிறது. பாடசாலை இடாப்பில் அதே இடத்தில் 'ஷி'. முதலாம் வகுப்பில் சேர்த்தபோது யாரோ அழகுக்காக எழுதியதோ, தாய் சொன்னதைக் கேட்டு எழுதியதோ, அது பத்து வருடமாக எல்லா முன்னேற்ற அறிக்கையிலும் 'ஷி' என்றே வந்திருக்கிறது. தாய்க்கு இந்த எழுத்தைப் பற்றிக் கவலையில்லை. அவருடைய கவலை வேறு.

"அண்ணை, இவள் பிறந்தது மாத்தளனில. பத்திரத்தில செட்டிகுளம் எண்டு கிடக்கு. அதையும் மாத்த ஏலுமே?"

மாத்தளன் என்றது போரின் கடைசிக் காலத்தில் சனம் ஒதுங்கியிருந்த புதுமாத்தளனை. செட்டிகுளம், அதன் பின்னர் எங்களை வைத்திருந்த முகாம்கள் இருந்த இடம். அந்தக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் நாட்டில் அடையாள அட்டைக்கு அடிப்படை 1968 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க ஆட்களைப் பதிவுசெய்தல் சட்டம். முதல் அட்டைகள் 1972 இல் வழங்கப்பட்டன. அட்டையை அச்சிடுவது ஆட்பதிவுத் திணைக்களம். அதன் தலைமையகம் பத்தரமுல்லையில் இருக்கிறது. ஆனால் விண்ணப்பதாரரை நேரில் தெரிந்தவர் என்று கையெழுத்து வைப்பவர் ஊரில் இருக்கிறார். பாடசாலைப் பிள்ளையானால் அதிபர், ஏனையோருக்குக் கிராம அலுவலர். எங்கள் ஊரில் இன்னமும் விதானையார் என்றே சொல்கிறார்கள். அவருடைய சான்றுக்குப் பின்னர் விண்ணப்பம் பிரதேச செயலகத்து அடையாள அட்டைக் கிளைக்குப் போய், மேலொப்பம் பெற்றுத் திணைக்களத்துக்குப் போகும். படிவத்தை விதானையாரிடமோ செயலகத்திலோ பெறலாம். திணைக்களத்தின் இணையத்தளத்திலிருந்து இறக்கியும் கொள்ளலாம். இறக்கி அச்சிடுபவர்கள் தாளின் இரண்டு பக்கமும் சரியாக விழுந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டில் தொலைபேசியில் பிடித்து அச்சிட்ட படம் செல்லாது. திணைக்களத்தில் பதிவுசெய்த ஸ்ரூடியோவில்தான் எடுக்க வேண்டும். படம் அங்கிருந்தே இணையத்தின் வழியாகத் திணைக்களத்துக்குப் போய்விடும். உங்களுக்குத் தரப்படும் பற்றுச்சீட்டை விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும். அந்தச் சீட்டைத் தொலைத்துவிட்டு மறுபடியும் படம் எடுக்கப் போனவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். ஆகவே சீட்டு கைக்கு வந்த உடனேயே ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். (என் வியாபாரத்துக்காகச் சொல்வதாக நினைக்க வேண்டாம்.) கட்டணம் வர்த்தமானி மூலம் அவ்வப்போது மாறுவது, முதல் அட்டைக்கு ஒரு தொகை, தொலைந்த அட்டைக்கு அதைவிடக் கூடிய தொகை. செயலகத்து அறிவித்தல் பலகையில் உள்ளதைப் பார்த்துக் கட்டுங்கள், யாரோ சொன்னதைக் கேட்டுக் கட்டாதீர்கள்.

இவ்வளவும் எளிது. அலைச்சல் முழுவதும் பெயரில் இருக்கிறது.

அடையாள அட்டையில் வரும் பெயர் பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயர். இந்த ஒரு வசனத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி அலைச்சல் மிச்சம். எங்கள் ஆட்களுக்கு வீட்டில் ஒரு பெயர், பாடசாலையில் ஒரு பெயர், பத்திரத்தில் ஒரு பெயர் என்பது வழக்கம். சாத்திரியார் சொன்ன எழுத்தில் வைத்த பெயரைப் பத்திரத்தில் எழுதிவிட்டு, கூப்பிடுகிற பெயரைப் பள்ளியில் எழுதியவர்கள் எத்தனையோ பேர். போதாததற்குத் தகப்பன் பெயர். தகப்பனின் பத்திரத்தில் இரத்தினம், மூத்த பிள்ளையின் பத்திரத்தில் ரத்தினம், இளைய பிள்ளையின் பத்திரத்தில் இரட்ணம் என்று ஒரே வீட்டில் மூன்று மனிதர்கள் இருப்பதுபோல இருக்கும். தமிழில் வாசிக்கும் நமக்கு மூன்றும் ஒன்றுதான். இப்போதைய அட்டை மும்மொழியில் வருவதால், இதே பெயர் ஆங்கிலத்துக்கும் சிங்களத்துக்கும் போகும்போது மூன்றும் மூன்று ஆளாகிவிடுகின்றன. பிறகு கடவுச்சீட்டு, வெளிநாட்டு விசா, வங்கி என்று ஒவ்வோர் இடத்திலும் அதற்கு விளக்கம் சொல்லவேண்டும். ஆங்கில எழுத்துக்கூட்டலைப் படிவத்தில் எழுதும்போது குடும்பத்தில் முன்பு யாராவது அட்டையோ கடவுச்சீட்டோ எடுத்திருந்தால் அதைக் கொண்டுவந்து பார்த்து அதேபோல எழுதுங்கள் என்று நான் எல்லாருக்கும் சொல்வேன். அரைவாசிப் பேர் வீட்டுக்குத் திரும்பிப் போய் எடுத்துவருவதற்குப் பஞ்சிப்படுவார்கள்.

பத்திரங்கள் ஒன்றோடொன்று ஒவ்வாதபோது எதைத் திருத்துவது என்பதில் பலர் தலைகீழாக நடக்கிறார்கள். சாதாரணமாக என் மேசைக்கு வரும் தகப்பன், பாடசாலை இடாப்பில் உள்ளதுபோலப் பிறப்புச் சான்றிதழை மாற்றவேண்டும் என்று கேட்பார். பிள்ளைக்கு அந்தப் பெயர்தானே பழகிவிட்டது என்பார். அது நீண்ட வழி. மேலேயுள்ள பத்திரத்துக்கு ஏற்பக் கீழேயுள்ளதைத் திருத்துவதே குறுக்குவழி. பிறப்புச் சான்றிதழைக் காட்டி எழுத்தில் கேட்டால், பாடசாலைச் சேர்வு இடாப்பை அதிபர் திருத்தலாம். அந்த மகளின் 'ஷி' அவ்வாறுதான் தீர்ந்தது. இரண்டு நாள் வேலை. பிள்ளைக்கு முகம் வாடிவிட்டது என்பது உண்மை. 'ஷி' என்றால் ஒரு மிடுக்கு இருக்கிறது போலும். பிறப்புச் சான்றிதழிலேயே உண்மையான பிழை இருந்தால் மட்டும், மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் சத்தியக்கடதாசியோடும் சான்றுகளோடும் போய்த் திருத்தத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அவர் பிரதேச செயலகத்திலேயே இருக்கிறார். கணவன் பெயரைச் சேர்த்துக்கொள்ள விரும்பும் பெண்கள் விவாகச் சான்றிதழை இணைக்க வேண்டும். என்னைக் கேட்டால், பிறந்தபோதிருந்த பெயரோடே இருந்துவிடுவது பிற்காலத்தில் பல தலையிடிகளைத் தவிர்க்கும் என்பேன். கேட்காதவர்களிடம் இதைச் சொன்னபோது ஒருமுறை ஒரு மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பிறப்புச் சான்றிதழே இல்லாதவர்களின் கதை வேறு. சட்டப்படி ஒரு பிறப்பு 42 நாட்களுக்குள் பதியப்பட வேண்டும். மூன்று மாதம் கடந்தால் அது காலங்கடந்த பதிவு. அதற்கு முதலில், அந்தப் பெயரில் பதிவு எதுவும் இல்லை என்று பதிவேட்டில் தேடிப் பார்த்துப் பெறும் கடிதம் வேண்டும். பின்னர் பிள்ளை எப்போது, எங்கே, யாருக்குப் பிறந்தது என்பதற்கான ஆதாரங்கள்: பெற்றோரின் விவாகச் சான்றிதழ், சகோதரங்களின் பிறப்புச் சான்றிதழ்கள், பள்ளி இடாப்பின் பிரதி, தேவாலயத்தில் எடுத்த திருமுழுக்குச் சான்று, சாதகம், தடுப்பூசி அட்டை, விதானையாரின் கடிதம். யாருக்கும் இவை எல்லாமே இருப்பதில்லை. இருப்பதைக் கொண்டு சத்தியக்கடதாசி எழுதிச் சமாதான நீதவானிடம் ஒப்பம் வைத்துக்கொள்ள வேண்டும். பிறப்பைப் பதிவதற்கே வழியில்லாதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் என்ற ஒன்று உண்டு. வயதானவர்கள் பலர் அதைக் கொண்டே அட்டை எடுத்திருக்கிறார்கள்.

மாத்தளன் பிள்ளைகள் பலருக்குச் சான்றிதழ் இருக்கிறது, இல்லையென்றில்லை. 2009 இல் செட்டிகுளத்து முகாம்களில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட எங்கள் சனம் அடைக்கப்பட்டிருந்த காலத்தில், நடமாடும் சேவைகள் வைத்துப் பிறப்புகள் பதியப்பட்டன. வரிசையில் நின்ற தாய் சொன்ன தேதியை, அவசரத்தில் எழுதும் ஓர் அலுவலர் எழுதினார். என் மேசைக்கு வந்தவற்றில் மாதம் மாறியதைக் கண்டிருக்கிறேன். ஆண் பிள்ளைக்குப் பெண் என்று எழுதியதையும் கண்டிருக்கிறேன். பால் மாறியிருந்தால் அட்டை எடுக்கும் முன்னரே திருத்தவேண்டும், ஏனென்றால் அது இலக்கத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிடும்.

இலக்கத்தைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும். முதல் இரண்டும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது, பெண்ணானால் அதனோடு 500 கூட்டப்படும். ஒருவருடைய இலக்கம் 78 இல் தொடங்கி அடுத்து 561 என்று வந்தால், அவர் 1978 இல் பிறந்த பெண், 61 ஆவது நாள், அதாவது மார்ச் 1. நாட்காட்டியை வைத்து எண்ணிப் பார்ப்பவர்கள் மார்ச் 1 அறுபதாவது நாளல்லவா என்று சண்டைக்கு வருவார்கள். லீப் ஆண்டானாலும் இல்லாவிட்டாலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்றே இந்தக் கணக்கில் எண்ணப்படுகிறது. 2016 முதல் புதிய இலக்கங்கள் பன்னிரண்டு எண்களாக, ஆண்டு முழுமையாக எழுதப்பட்டு, கடைசி எழுத்து இல்லாமல் வருகின்றன. பழைய இலக்கக்காரர் புதிய முறைக்கு மாற்றி எழுதவேண்டுமானால் முன்னால் 19 சேர்த்து, நாளைக் குறிக்கும் மூன்று எண்களுக்குப் பின்னால் ஒரு பூச்சியத்தைச் செருகி, எழுத்தை விட்டுவிட்டால் சரி.

இலக்கம் ஒருமுறை கொடுத்தால் கொடுத்ததுதான். அட்டை பத்துத் தரம் தொலைந்தாலும் இலக்கம் மாறாது. 2009 இல் எங்கள் வீட்டுப் பத்திரங்கள் எல்லாம் ஒரு பொலித்தீன் பையில் சுற்றி அம்மாவின் மடியில் இருந்தன. இரட்டைவாய்க்காலுக்கும் வலைஞர்மடத்துக்கும் இடையில் எங்கோ அந்தப் பை போய்விட்டது. முகாமில் பதியும்போது என் இலக்கம் எனக்கு நினைவிருந்தது. அதற்குக் காரணம் கல்வியில்லை, ஓமந்தைச் சோதனைச்சாவடி. ஏ9 பாதை திறந்திருந்த 2002 இலிருந்து 2006 வரை அங்கே எத்தனையோ தடவை அதைச் சொல்லியும் எழுதியும் மனப்பாடமாகிவிட்டது. அம்மாவுக்கு நினைவில்லை. அவர் வன்னியை விட்டு வெளியே போகாதவர். பழைய வங்கிப் புத்தகமும் போய்விட்டது. கடைசியில் அவருடைய இலக்கம் கிடைத்தது எங்கள் மாமி ஒருவரின் காணி உறுதியில். அம்மா அதில் சாட்சிக் கையெழுத்து வைத்திருந்தார். இன்று என் வீட்டு அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் எல்லாருடைய இலக்கமும் பெயின்ரால் எழுதியிருக்கிறது. மனைவிக்கு அது பிடிக்காது. தொலைந்த அட்டைக்குப் பதில் அட்டை எடுப்பவர்கள் முதலில் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு பதிந்து அதன் பிரதியைப் பெறவேண்டும். மற்றைய வழியெல்லாம் முன்சொன்னதுபோலத்தான்.

வன்னியில் இன்னொரு கூட்டத்தவரையும் மறக்க முடியாது. மலையகத்திலிருந்து, விசேடமாக 1977 வன்செயலின் பின், இங்கே வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். தாத்தாவுக்குப் பிரசாவுரிமைப் பத்திரம் இல்லை, தகப்பனின் பிறப்பு தோட்டத்தில் பதியப்பட்டதா என்பது தெரியாது, தாய்க்கு விவாகப் பதிவு இல்லை. இவர்களுக்காகச் சொல்கிறேன்: 1964 ஒக்ரோபர் 30 இலிருந்து இலங்கையில் நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003 இல், 35 ஆம் இலக்கச் சட்டமாக, நிறைவேறிவிட்டது. உங்களுடைய தாத்தா எந்தக் கப்பலில் வந்தார் என்று யாரும் கேட்கவும் கூடாது, கேட்டால் நீங்கள் கூனிக்குறுகவும் வேண்டியதில்லை. தகப்பனின் பதிவைத் தேடி அட்டனுக்கு பஸ் ஏறவும் அவசரப்பட வேண்டாம். 1960 க்குப் பிந்திய பதிவுகள் கணினியில் ஏற்றப்பட்டிருந்தால் அவற்றின் பிரதியை எந்தப் பிரதேச செயலகத்திலும் பெறலாம். சில வருடங்களுக்கு முன், ஓர் அலுவலகத்தில் இதே விடயமாக நான் அழைத்துச் சென்ற ஒரு முதியவரை, "உங்கட ஆக்களுக்கு இது சரிவராது" என்று ஒருவர் திருப்பி அனுப்பினார். நாங்கள் அடுத்த கிழமை வேறொரு நாளில், வேறொருவர் மேசையில் இருந்தபோது போனோம். சரிவந்தது.

அவசரக்காரர்களுக்கு ஒருநாள் சேவை இருக்கிறது. விதானையாரின் சான்றும் செயலகத்து மேலொப்பமும் பெற்ற விண்ணப்பத்தோடு நேரில் போகவேண்டும். முன்பு இதற்காக இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய் விடியற்புறத்தில் வரிசையில் நிற்பார்கள். இப்போது திணைக்களத்தின் வடமாகாண அலுவலகம் வவுனியாவிலேயே இருக்கிறது. பரீட்சைக்கு முன் அட்டை கைக்கு வராத மாணவர்களுக்குத் திணைக்களம் தகவல்களை உறுதிப்படுத்தும் கடிதம் ஒன்றைத் தரும். கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் அதையே காட்டலாம். டிஜிற்றல் அட்டை வரப்போகிறதாமே, அதுவரை பொறுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: பொறுக்க வேண்டாம்.

இனி அந்தத் தாயின் கேள்வி. பிறந்த இடத்தை மாற்ற முடியுமா? முடியும் என்றுதான் சட்டம் சொல்கிறது, ஆதாரம் இருந்தால். புதுமாத்தளன் பாடசாலைக் கட்டிடத்தில் அந்த மாசி, பங்குனி மாதங்களில் ஒரு தற்காலிக ஆசுப்பத்திரி இயங்கியது எல்லாருக்கும் தெரிந்தது. அந்தப் பிள்ளை அங்கே பிறந்ததைக் காட்ட ஒரு துண்டுக் கடதாசி அந்தத் தாயிடம் இல்லை. பிரசவம் பார்த்த மருத்துவத்தாதி எங்கே என்று தெரியாது. பக்கத்தில் படுத்திருந்த பெண்ணின் பெயர் மட்டும் ஞாபகமிருக்கிறது. அவரைத் தேடிப் பிடித்து, சத்தியக்கடதாசி எடுத்து, திருத்தத்துக்கு விண்ணப்பித்து, அது முடிந்து அட்டைக்குப் போவதென்றால் பரீட்சை அதற்குள் வந்துவிடும். திருத்தத்துக்கான விண்ணப்பத்தைப் பரீட்சைக்குப் பிறகும் போடலாம், அதன்பின் அட்டையையும் திருத்திக்கொள்ளலாம், இப்போது உள்ளபடியே போடுவோம் என்றேன்.

தாய் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "செட்டிகுளத்தில நாங்கள் என்ன செய்தனாங்கள், வரிசையில நிண்டதுதானே" என்றார். மகள் படிவத்தைப் பார்த்தபடியே, "அம்மா, எழுதட்டும்" என்றாள். பிறந்த இடம் என்ற கூட்டுக்குள் செட்டிகுளம் என்று எழுதினேன்.

கையெழுத்துக்கு என்று ஒரு சிறிய கட்டம் இருக்கிறது. கோட்டில் முட்டாமல் அதற்குள் அடங்கவேண்டும். பிள்ளை இதுவரை கையெழுத்து என்று எதுவும் வைத்ததில்லை. பிழைத்துப்போன பிரதித் தாள் ஒன்றைத் திருப்பிக் கொடுத்துப் பழகச் சொன்னேன். முதலில் முழுப்பெயரையும் எழுதினாள், பிறகு தகப்பனின் முதலெழுத்தைச் சேர்த்தாள், பிறகு ஒரு சுழி. பதினொன்றோ பன்னிரண்டோ தடவை எழுதியிருப்பாள். படிவத்தில் வைத்த பின்னர் பழகிய தாளைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போடப் போனாள். தாய் அதை வாங்கி, நான்காக மடித்து, பிறப்புச் சான்றிதழ் இருந்த பைக்குள் வைத்துக்கொண்டார். பிரதி மூன்றுக்கும் காசு வாங்கினேன், அந்தத் தாளுக்கு வாங்கவில்லை.